பாய்க்கு அளவுகோல் எது?

தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டை என்று கடலூர்க் கரை நெடுகக் கட்டுமரத்தில் பாய் ஏறிய காலத்தில், பாயின் தரத்தை அன்றாடத் தொழிலே தீர்மானித்தது. விடியுமுன் கரைக்காற்றில் கடலுக்குப் போக வேண்டும். பிற்பகல் கடற்காற்றில் திரும்ப வேண்டும். இரண்டிலும் காற்று பெரும்பாலும் பின்னிருந்தோ பக்கவாட்டிலோதான் வரும். எதிர்க்காற்றில் ஏறும் திறமை இங்கே இரண்டாம்பட்சம்.

பந்தயப் படகுக்கு அதுதான் உயிர்நாடி. காற்றுச் சுரங்கத்தில் பாயைச் சோதித்த பள்ளிகள் பலவும் பந்தயத் தேவையில் வளர்ந்தவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வார்னரும் ஓபரும், ஓடும் படகின் பாயிலேயே அழுத்தத்தை அளந்து, சுரங்கத்து மாதிரியோடு ஒப்பிட்டு 1925இல் வெளியிட்டார்கள். ஆக்லாந்தில் ரிச்சர்ட் ஃப்ளே 1994இல் அமைத்த சுரங்கம் இன்னும் நுட்பமானது. நீர்மட்டத்தருகே காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசுவதால், ஓடும் படகின் பாய்க்கு அடியில் ஒரு கோணத்திலும் நுனியில் வேறு கோணத்திலும் காற்று வந்து சேரும். அந்த முறுக்கைத் தகடுகளால் உண்டாக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது சவுத்தாம்ப்டன் பள்ளி. போலந்தில் பிறந்த மார்ஹாய் அங்கே தொழிற்படகுகளின் பாய்களையும் பந்தயப் பாயோடு ஒரே தராசில் நிறுத்தினார். பசிபிக் தீவுகளின் நண்டுக்கொடுக்குப் பாய் பக்கக் காற்றில் பந்தயப் படகுகளின் பெர்மூடா பாயை விஞ்சியது. சாய்ந்த விளிம்பில் எழும் சுழல்கள் காற்றைப் பாயோடு ஒட்டவைத்து இழுவிசையைக் கூட்டின. கான்கார்டு விமானத்தின் இறக்கையும் அப்படித்தான் தாங்கியது. பாமரப் பாய் என்று ஒதுக்கியவர்கள் கொஞ்சம் கூசியிருக்க வேண்டும்!

நம் கட்டுமரத்துப் பாய் அதுவல்ல. பருமல் என்னும் நீண்ட கழியில் கட்டிய முக்கோணம். அதையும் அதன் தொழிலுக்கேற்ற காற்றில் வைத்தே அளக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பருத்திப் பாயின் மீது கடல்நீரை வாரி இறைப்பார்கள். நனைந்த நூல் உப்பி இழையிடுக்கை அடைக்கும். பாயின் இருபுற அழுத்த வேறுபாடு கசியாது. இதனால் எவ்வளவு இழுவிசை கூடும் என்பது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி.

அதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் சுரங்கத்தில், தரையை உரசி வேகம் குறையும் காற்றையே உருவாக்கிக் கட்டட மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள், பரங்கிப்பேட்டையில் பாய் தைத்த பெரியவர்களை உட்காரவைத்து ஒரு மாதிரி தைக்கட்டும். உலர்ந்த துணியில் ஒன்று, நனைத்ததில் ஒன்று. காற்று பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும். இயந்திரப் படகோடு வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தையல் தெரியாது. ஆகவே முதலில் தையல்காரரைத் தேட வேண்டும், சுரங்கம் காத்திருக்கும்.