பெயர் சொன்னால் மேலேறும் ஷெல்

1989-இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல்லின் லட்சணங்களை இனியொருவர் வந்து வரிசைப்படுத்த வேண்டியதில்லையாதலால், சில வாரங்களாக அதில் நான் நித்தமும் புழங்கிவரும் ஒரேயொரு ஃபங்ஷனைப் பற்றி மட்டுமே இங்கு விசாரிக்க உத்தேசம். ‘அப்’ என்பது அதன் பெயர். நிற்கும் அடைவிலிருந்து மேலுள்ள அடைவுக்கு ஏற்றிவிடுவது அதன் உத்தியோகம்.

இதைத் தனி ஸ்கிரிப்டாக எழுதினால் ஆகாதா என்பாருக்கு யூனிக்ஸின் பூர்வ சரித்திரமே விடை. ஃபோர்க் புகுந்து, கட்டளைகள் தனிப் பிராசஸ்களாக ஓடத் தொடங்கியதும், அடைவு மாற்றும் கட்டளை செயலற்றுப் போனதை டென்னிஸ் ரிட்சி எழுதிவைத்திருக்கிறார்: சேய்ப் பிராசஸ் இடம் மாறி, மாறிய கையோடு மறைந்தும் போக, தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. அடைவு மாற்றுவன யாவும் ஷெல்லுக்குள்ளேயே ஓடவேண்டிய நியாயம் அதுதான்.

பலர் எழுதும் ‘அப்’ எண் கேட்பது. மூன்று என்றால் மூன்றடுக்கு மேலே. ‘சிடி புள்ளி புள்ளி’யை மும்முறை சுழலவிட்டு அதை எழுதியிருந்தால், ‘சிடி ஹைஃபன்’ அடித்துப் புறப்பட்ட இடத்துக்கு மீள நினைக்கையில், ஷெல்லுக்குக் கடைசி நகர்வு மட்டுமே ஞாபகமிருப்பதால், நடுவழியில் நிற்போம். பாதையை முதலிலேயே கோத்து ஒரே சிடியாக முடித்தால் அது தீரும். தீராத தோஷம், எண்ணும் வேலை மனிதன் தலையில் விழுவது. ஏழடுக்கு ஆழத்தில் அமர்ந்து, ப்ராம்ப்டின் சாய்கோடுகளைக் கண்ணால் எண்ணுவதற்கா கணினி?

ஆகவே என் ‘அப்’ பெயர் கேட்கிறது. ‘அப் எஸ்ஆர்சி’ என்றால், பாதையின் வாலை அப்பெயர் அகப்படும் இடம்வரை அப்பெயரோடு நறுக்கிவிட்டு, பெயரை மட்டும் மீண்டும் முனையில் ஒட்டி, அங்கே போய் நிற்கிறது. நறுக்க அயல் புரோகிராம் எதுவும் வேண்டாம். பாஷின் சதவீதக் குறி போதும். ஒற்றைக் குறி மிகக் குறுகிய வாலை வெட்டுமாதலால், ஒரே பெயருடைய இருவர் மேலே இருப்பினும் அருகிலுள்ள மூதாதையிடம் சேர்க்கும். இரட்டைக் குறியோ மிக நீண்ட வாலை வெட்டி, அவர்களுள் மூத்தவரிடம் கொண்டுபோகும். ஓரெழுத்தில் அடங்கிய இந்த பேதம் எனக்கு அலுக்கவேயில்லை.

விபரீத குணமும் உண்டு. மேலே அப்பெயர் இல்லாவிடில் வெட்ட வால் அகப்படாது. பெயர் பாதையின் முனையில் ஒட்டிக்கொள்ள, கீழே அப்பெயரில் அடைவு இருக்குமாயின் ‘அப்’ ஓசையின்றிக் கீழே இறங்கிவிடும். ஒரு நிபந்தனை வரி சேர்த்தால் அடங்கும்.

ஸாக்சைடு போன்ற கருவிகள், அடிக்கடியும் அண்மையிலும் சென்ற அடைவுகளுக்கு மதிப்பெண் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சென்றதை நான்கால் பெருக்கி, ஊகத்தால் தாவுகின்றன. தொலைதூரத் தாவலுக்கு அவை சமர்த்தானவையே. மேலேறுவதற்கோ, விடை பாதையிலேயே எழுதியிருக்கையில், ஊகம் எதற்கு? ஆழ்ந்த அடைவுகளில் உழைப்போர் இந்த ஃபங்ஷனைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டடுக்கோடு நிற்போருக்குப் பழைய புள்ளி புள்ளியே போதும்.