நீளம் கூடினால் குறி கூடுமா?

பிரிட்டனில் 'லாங் பேரல் ரிவால்வர்' என்று விற்கப்படும் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முதலில் கவனிப்பது, கைப்பிடியிலிருந்து பின்பக்கமாக நீளும் உலோகக் கம்பியை. குறி பார்க்க அது தேவையில்லை, தோட்டா பாயவும் தேவையில்லை. முன்னால் ஒரு சாண் நீளத்தையும் தாண்டி நிற்கும் குழலும் குறிசுடும் கலை கேட்டு வாங்கியதன்று. இரண்டின் அளவையும் தீர்மானித்தது சட்டம். அதனால் இந்த வகைத் துப்பாக்கியை மதிப்பிடும்போது, சட்டத்துக்காகச் சேர்ந்த நீளத்தில் எவ்வளவு சுடுபவருக்குப் பயன்படுகிறது, எவ்வளவு அவர் கைக்குச் சுமையாகிறது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டத்தின் காரணம் கனமானது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி வைத்திருந்தவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அடுத்த ஆண்டே இரண்டு திருத்தச் சட்டங்கள் வந்தன, முதலாவது .22 அளவுக்கு விட்டுவைத்த இடத்தையும் இரண்டாவது எடுத்துக்கொண்டது. குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். காற்றுத் துப்பாக்கிக்கும், குழல்வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் பழைய வகைக்கும் விலக்கு உண்டு. வட அயர்லாந்தில் இந்தத் தடை இல்லை. மடக்கவோ கழற்றவோ கூடிய பின்கட்டையை நீளக் கணக்கில் சேர்க்க முடியாது. கம்பி நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பது இதனால்தான். இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைக்குப் பிறகு 1988இல் வந்த சட்டம், தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும், குழலுள்ளே சுழல்வரி வெட்டிய துப்பாக்கிகளில் .22 ரிம்ஃபயரை மட்டும் விட்டுவைத்தது. ஆகவே இன்று கடையில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களே இருக்கின்றன: ரூகர், பிரவுனிங் போன்ற பெயர்களில் வரும் .22 பிஸ்டல்கள், டாரஸ், செக் நாட்டு ஆல்ஃபா போன்ற பெயர்களில் வரும் .357 மேக்னம் ரிவால்வர்கள்.

நீளத்தின் பக்கம் இருக்கும் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடக் கூட, கண் செய்யும் பிழை சிறுக்கிறது. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டலில் அந்தத் தூரம் அதிகபட்சம் 220 மில்லிமீட்டர். முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டருக்கு அப்பால் தோட்டா சுமார் 57 மில்லிமீட்டர் தள்ளி விழும். இந்த நீளத் துப்பாக்கியில் குறிகளுக்கிடையே 380 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொண்டால் அதே அரை மில்லிமீட்டர் பிழை 33 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. நிதானமாகச் சுடும் 25 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் இது சின்ன லாபம் இல்லை. 'நீளக் குழல் துல்லியமானது' என்று சொல்பவர்கள் காற்றில் பேசவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு துப்பாக்கியை மேடையில் கட்டிவைத்தால் மட்டுமே முழுதாகப் பலிக்கும். நீட்டிய ஒற்றைக் கையில் ஏந்தும்போது எடை எங்கே இருக்கிறது என்பதே பெரிது. கைப்பிடிக்கு வெகு முன்னால் எஃகு தொங்கினால் மணிக்கட்டு கீழே இழுபடும். ஐந்தாவது, ஆறாவது தோட்டாவில் தோள் தளரும். குறிகள் நேராக இருந்தாலும் கை மொத்தமும் அலையும். கண்ணின் பிழையைக் குறைத்து வாங்கிய லாபத்தைத் தசையின் நடுக்கம் தின்றுவிடுகிறது. பின்கம்பி கொஞ்சம் எதிர்எடையாக உதவுகிறது என்பதை மறுக்கக் கூடாது. கனமான கம்பி வைத்தவை மெலிந்த கம்பி வைத்தவற்றைவிட நன்றாகவே நிற்கின்றன. அதே கம்பி முன்கையின் பக்கத்தில் வந்து நிற்பதால் பிடியின் கோணத்தைத் தன் போக்குக்கு வளைக்கிறது. தோட்டாவும் கூடுதல் 15 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை மில்லிவிநாடி அதிகம் எடுக்கிறது. டிரிகரை இழுத்தவுடன் கையைத் தளர்த்தும் பழக்கம் உள்ளவரை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் இரண்டு கைகளால் பிடிக்க வேண்டும். அங்கேதான் ரிவால்வர் வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டிய ஆபத்து இருக்கிறது. ரைஃபிளைப் போலத் தெரியும் நீளக் குழல், இடக்கையை முன்னால் கொண்டுபோய்த் தாங்கச் சொல்லி அழைக்கும். அந்த அழைப்பை ஏற்கக் கூடாது. சுழல் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும்; .357 அழுத்தத்தில் அது விரலைக் கிழித்துவிடும். இடக்கை வலக்கையைச் சுற்றி, கைப்பிடியோடு நிற்கட்டும். காகித இலக்குக்கு மேக்னம் வேகமும் தேவையில்லை. தட்டை முனையுள்ள .38 ஸ்பெஷல் தோட்டா ஓட்டையை வட்டமாக வெட்டும், உதைப்பும் குறைவு. அதன் உறை குட்டையானது என்பதால் அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும். அதைச் சுரண்டாமல் விட்டால் நீளமான .357 தோட்டா பிறகு சரியாக உள்ளே போகாது.

.22 பிஸ்டலில் வாயு பீறிடும் இடைவெளியும் இல்லை, உதைப்பும் பெயருக்குத்தான். மேலே சிவப்புப் புள்ளிக் குறியைப் பொருத்தினால், குறித்த விநாடிக்குள் பல இலக்குகளைச் சுடும் போட்டிகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் புள்ளிக் குறியில் முன்குறி, பின்குறி என்ற பேச்சே கிடையாது. நீளம் தந்த ஒரே உண்மையான லாபம் அத்தோடு போய்விட, மிஞ்சுவது எடைதான். அந்த எடை இரண்டு கைப் பிடியில் துப்பாக்கியை ஆடாமல் வைக்கிறது என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இது சட்டத்தின் ஓட்டைக்குள் நுழைந்த பொருள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சட்டம் தடுக்க நினைத்தது சட்டைக்குள் மறையும் ஆயுதத்தை. 60 சென்டிமீட்டர் இரும்பு மறையாது. போலீஸ் தரும் உரிமத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும், வாங்கவும் வைத்திருக்கவும் கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கையும் பதிவாகின்றன. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் பயிற்சி உறுப்பினராகக் காலம் கழிக்க வேண்டும். குழலை வெட்டிக் குட்டையாக்கினால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிறது; அதை வைத்திருக்கும் வயதுவந்தவருக்கு, விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால், குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. சட்டத்தின் சொல்லோடு அதன் நோக்கத்தையும் இந்த வடிவம் காக்கிறது என்பதே என் கருத்து.

பிஸ்டல் போட்டிக்கு இதை வைத்துத் தயாராகலாம் என்ற எதிர்பார்ப்புதான் தவறு. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் 30 சென்டிமீட்டர் நீளப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இன்றி இருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கி அந்தப் பெட்டியைப் போல இரண்டு மடங்கு நீளம். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் உண்மையான பிஸ்டல்களைத் தனி அனுமதியோடுதான் உள்ளே விட்டார்கள். பிஸ்டல் கலையைக் கற்க விரும்புபவருக்கு 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலே சரியான ஆசான். டிரிகர் ஒழுக்கத்தை அதைவிட நன்றாகச் சொல்லித்தரும் கருவி பிரிட்டனில் சட்டப்படி எளிதாகக் கிடைக்காது.

நீளத் துப்பாக்கிக்குச் சொந்த இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் நடக்கும் கேலரி ரைஃபிள், பிஸ்டல் போட்டிகளில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே பிஸ்டலோடோ ரைஃபிளோடோ ஒப்பிடாமல், இதை இதன் இனத்தோடு வைத்தே அளக்கிறார்கள். அப்படி அளந்தால் முதல் இடம் புள்ளிக் குறி பொருத்திய .22 பிஸ்டலுக்கு. .38 தோட்டா சுடும் இன்பத்துக்காக, அடிக்கடி துடைத்துப் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கு ரிவால்வரும் தகும். எதை வாங்குவதானாலும், உரிமத்தில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் சங்கத்தில் உள்ள ஒன்றை, தோட்டா இல்லை என்று இருமுறை சரிபார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். முன்குறி அதற்குள் கீழே சரியத் தொடங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானதல்ல.