கூடிப் படிக்கும் மரபு: வில்லிபுத்தூரும் இராஜபாளையமும்

ஓர் ஊரின் இலக்கிய வளத்தை, அங்கே பிறந்த எழுத்தாளர்களின் பட்டியலைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். அந்த அளவுகோல் போதாது. எழுதியவர் ஒருவர்தான். அதைப் படித்தவர், கேட்டவர், பொருள் கேட்டு வாதிட்டவர், அடுத்த தலைமுறைக்குச் சொன்னவர் எத்தனை பேர் என்பதுதான் ஒரு நூலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் இதற்கு நல்ல சான்று. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு கதை உண்டு. துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த மகள் ஆண்டாள், பெருமாளுக்கென்று அப்பா கட்டிவைத்த மாலையைத் தான் சூடிப் பார்த்த கதை அது. அதைப் பின்தொடர்ந்து போனால், இப்பகுதியின் வாசிப்பு மரபில் நான்கு நெறிகள் தெரிகின்றன. ஒவ்வொரு நெறிக்கும் அதற்கென்று ஒரு தரம் உண்டு.

ஓதும் நெறி

பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டும் திருமொழியும் சேர்ந்து 473 பாசுரங்கள். ஆண்டாளின் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இந்த 646 பாசுரங்களும் வில்லிபுத்தூர் தந்தவை. இவற்றைக் காப்பாற்றியதில் ஏட்டுச் சுவடிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு கூடி ஓதும் குழுவான கோஷ்டிக்கும் உண்டு. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்லும் ‘சந்தை’ முறையில் பாடம் ஏறும். பிறகு சந்நிதியில் பலரோடு கூடிச் சேவிக்க வேண்டும்.

இந்த நெறியின் தரம், பாடம் பிசகாமை. ஒருவருக்கு நினைவு தடுமாறினால் கோஷ்டி அவரைக் கைகொடுத்து அழைத்துப் போகும். அதே கோஷ்டி, ஒருவர் தம் விருப்பத்துக்கு ஒரு சீரை மாற்றவும் விடாது. தாங்குவதும் திருத்துவதும் ஒரே கூட்டம்தான். மார்கழியில் திருப்பாவை சொல்லும் ஒவ்வொரு வீடும் தெருவும் இந்தக் கூட்டத்தின் நீட்சியே.

விரிக்கும் நெறி

ஓதியதோடு மரபு நின்றுவிடவில்லை. பொருள் சொல்லவும் கேட்கவும் தொடங்கியது. அரையர் சேவை இன்று தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தலங்களில் நடக்கிறது. குல்லாய் அணிந்த அரையர், கையில் தாளத்தோடு பாசுரத்தை இசைப்பார், அதையே அபிநயிப்பார், பிறகு உரை சொல்வார். ஒரே பாடலைக் காதாலும் கண்ணாலும் அறிவாலும் அடுத்தடுத்துப் படிக்கவைக்கும் ஏற்பாடு இது.

ஏட்டில் இந்த வேலையைச் செய்தவர்கள் வியாக்கியானகாரர்கள். அவர்கள் உரையின் அளவைப் ‘படி’ என்று கணக்கிட்டார்கள். ஒரு படிக்கு 32 எழுத்து. திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் இருக்கின்றன. முப்பதே பாட்டுக்கு இத்தனை உரை எழுந்ததற்குக் காரணம், கேட்டவர்களின் கேள்விகள். நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரையைப் பகலில் கேட்டு, இரவில் எழுதிவைத்தார் வடக்குத் திருவீதிப் பிள்ளை என்பது மரபுச் செய்தி. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. கேட்ட ஒருவரின் கவனம் ஒரு பெருநூலாகியிருக்கிறது.

இங்கே தரம், முன்னோர் சொன்ன பொருளை மறைக்காமல் வைத்து, அதன்மேல் தன் பொருளைச் சொல்வது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோனது. பின்னால் வந்த மணவாள மாமுனிகள் தாமே முழு நூலுக்கும் புதிதாக எழுதியிருக்கலாம். அவர் அழிந்த பகுதிக்கு மட்டும் உரை செய்தார். முன்னவரின் எழுத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு, எழுதுகிற எல்லோருக்கும் பாடம்.

கொண்டு சேர்க்கும் நெறி

கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்டவர். அவர் தெலுங்கில் பாடிய ‘ஆமுக்தமால்யத’ காவியத்துக்கு ஆண்டாளும் பெரியாழ்வாரும்தான் மையம். வில்லிபுத்தூரின் வாய்க்கால் கரையில் சிறகுக்குள் தலை புதைத்துத் தூங்கும் வாத்துகளை, குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன துணி என்று நினைத்து ஊர்க்காவலர் எடுக்கப் போக, அவை எழுந்து ஓட, வயல் காக்கும் பெண்கள் சிரிக்கும் காட்சி அதில் உண்டு. தெற்கே திருக்குறுங்குடியில் வழங்கும் நம்பாடுவான் என்ற பாணனின் கதையும் மாலதாசரி கதையாக அதில் இடம்பெறுகிறது. தான் பாடிய பாட்டின் பலனைக் கொடுத்து, தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சசனையே அந்தப் பாணன் கரையேற்றுகிறான். பாட்டின் பயன் பாடியவனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அந்தத் தெலுங்குக் காவியம் தமிழுக்குத் திரும்பிவர இராஜபாளையம் வழி செய்தது. விஜயநகர காலத்தையொட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியமர்ந்த ராஜுக்களின் ஊர் அது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்தவர்கள். அங்கே 1933இல் பிறந்த மு. கு. ஜகந்நாதராஜா, பிராகிருதத்திலிருந்து காதா சப்த சதியைத் தமிழுக்குத் தந்தார். திருக்குறளைத் தெலுங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய ‘ஆமுக்தமால்யத’ தமிழாக்கம் 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. பக்கத்து ஊரின் கதை, நானூறு ஆண்டுகளுக்கு மேல் வேற்று மொழியில் வாழ்ந்துவிட்டு, பக்கத்து ஊர்க்காரர் கையால் வீடு வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் தரம் மிகக் கடினமானது. மூல நூலை அறிந்தவர் ஒருபுறம், கதையைப் பிறந்தது முதல் கேட்டவர் மறுபுறம். இருவரும் ஒப்ப வேண்டும்.

பொதுவில் வைக்கும் நெறி

முதல் மூன்று நெறிகளும் குடும்பத்தாலும் குருவாலும் கல்வியாலும் வரம்பு கட்டப்பட்டவை. எல்லோரும் உள்ளே வரக் கதவு திறந்தது நூலகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் பொது நூலகம் 1875இல் தோன்றியது. அன்று இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. நூலகத்துக்கு வாய்த்தது மாவட்ட ஆட்சியராக இருந்தவரின் பெயர். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். சட்டம் வருவதற்கு 73 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் தனக்கு நூலகம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது.

இராஜபாளையத்தில், சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அதே ஊரின் கொ. மா. கோதண்டம் மலைவாழ் மக்களின் வாழ்வைக் கதைகளாக்கினார்; சிறுவர்களுக்கும் எழுதினார். ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ 2012இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கோயிலிலும் காவியத்திலும் இடம் கிடைக்காதவர்களின் கதைகளும் ஊரின் பொதுச்சொத்தில் சேர்ந்தன.

நூலகத்தின் தரம், அலமாரியில் இருக்கும் நூல்களின் எண்ணிக்கையில் இல்லை. படித்தவர் இன்னொருவரிடம் அதைப் பற்றிப் பேச இடம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இன்று நம் கையில்

இன்று நாம் தனியாக நிறையப் படிக்கிறோம். கைப்பேசியில் நூல்கள் வந்து குவிகின்றன. ஆனால் தனி வாசிப்பில் நம் பிழையைத் திருத்த ஆள் இல்லை; நாம் காணாத பொருளைக் காட்டவும் ஆள் இல்லை. இந்த இரண்டு ஊர்களின் நான்கு நெறிகளையும் ஒன்றுசேர்த்தால் நமக்கு ஒரு முறை கிடைக்கும். ஒரு நூலை எடுத்து உரக்கப் படிப்பது. முன்னோர் சொன்ன பொருளையும் நம் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. வேற்று மொழியார் அதை எப்படிக் கண்டார்கள் என்று பார்ப்பது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக் கதவைத் திறந்துவைப்பது.

முதல் நூலாக நாச்சியார் திருமொழியையும், இரண்டாவதாக ஜகந்நாதராஜாவின் தமிழ் ‘ஆமுக்தமால்யத’வையும் எடுக்கலாம். வில்லிபுத்தூர்க்காரர் ஒன்றைப் படிக்க, இராஜபாளையத்துக்காரர் மற்றதைப் படிக்க, பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். இதற்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. நூலகத்தில் ஓர் அறையும், வாரத்தில் ஒரு மாலையும், படிக்கத் தெரிந்த ஒரு குரலும் போதும்.