எழுத்தை எண்ணிப் பாடியவர்கள்

ஆங்கிலத்தில் 'ஃபசீஷியஸ்' என்று ஒரு சொல் உண்டு. சீரியஸான இடத்தில் போய் ஜோக்கடிக்கிற ஆசாமியை அப்படிச் சொல்வார்கள். அதன் ஸ்பெல்லிங்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் தலைக்கு ஒரு தடவை, வரிசை மாறாமல் வரும். 'அப்ஸ்டீமியஸ்' என்பதிலும் அப்படியே. சாப்பாட்டிலும் குடியிலும் அடக்கமானவர் என்று பொருள். 'ஸ்ட்ரெங்த்லெஸ்னெஸ்' 16 எழுத்து, ஆனால் உயிரெழுத்து ஈ மட்டும்தான். அர்த்தம், தெம்பில்லாமை.

பெரிய உருப்படி 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்'. 29 எழுத்து. ஐ மட்டும் 9 முறை வருகிறது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஈ ஒரு தடவைகூடக் கிடையாது. 'இது ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிவிடுதல்' என்பது பொருள். 45 எழுத்தில் ஒரு நுரையீரல் நோயின் பெயரும் இருக்கிறது. 1935-ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கத் தலைவர் ஒருவர் நீளத்துக்காகவே கட்டிய சொல். டாக்டர்கள் 'சிலிகோசிஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூச்சுத் திணறுகிறவரிடம் 45 எழுத்தைச் சொல்ல நேரம் ஏது?

ஆனால், இவற்றில் பலவும் கண்டெடுத்தவை. ஃபசீஷியஸை முதலில் சொன்னவர் உயிரெழுத்தை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. நம் புலவர்கள் அப்படியில்லை. எண்ணிக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள்.

நிரோட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடும்போது உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ வரிசைகள் போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ போயிற்று. அம்மா, அப்பா, உப்பு, புளி எதுவும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுப்பாட்டோடு 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதி பாடினார். போதாததற்கு யமகம் வேறு. நாலு அடியும் ஒரே எழுத்துக்கூட்டத்தில் தொடங்கும். ஒவ்வோர் அடியிலும் வேறு மாதிரிப் பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள், முருகனைப் பாட வேண்டும். முருகன் என்று சொல்லக் கூடாது. வேல் கூடாது, மயில் கூடாது. கந்தன் பிழைத்தான், செந்தில் பிழைத்தது.

அருணகிரிநாதர் கந்தரந்தாதியின் 54-ஆம் பாட்டை முழுக்கத் தகர வரிசையிலேயே பாடினார். தோற்றவர்களின் காதை அறுத்துக்கொண்டிருந்த வில்லிபுத்தூரார் இதற்குப் பொருள் சொல்ல முடியாமல் திகைத்தார் என்று கதை. இன்றைக்கு யாராவது உரையைப் பார்க்காமல் சொல்லிவிட்டால் என் பேனாவைக் கொடுத்துவிடுகிறேன். சீர்காழியில் ஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்று, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே. அதற்கும் உரைதான் துணை.

மேடையில் இதையெல்லாம் அடுக்கிவிட்டு 'உலகத்தில் வேறெந்த மொழியிலும் முடியாது' என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். முடியும். 1939-ல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர், டைப்ரைட்டரில் ஈ விசையைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்த எழுத்து இல்லாமல் ஐம்பதாயிரம் சொல் நாவல் எழுதினார். 1969-ல் பிரெஞ்சில் ஜார்ஜ் பெரெக் அதையே செய்தார். ரைட் செய்தது வித்தை. பெரெக் செய்தது வேறு. அவர் அப்பா போரில் இறந்தவர், அம்மா நாஜி முகாமுக்குப் போய்த் திரும்பாதவர். ஈ இல்லாவிட்டால் பிரெஞ்சில் தந்தை, தாய் என்பதற்கான 'பேர்', 'மேர்' என்ற சொற்களை எழுத முடியாது. விதி ஒன்றுதான், இங்கே அந்த விதி எதையோ சொல்கிறது.

341-ஆம் குறளைப் பற்றியும் ஒரு மேடைச் சரக்கு உண்டு. உதடு ஒட்டாத குறள். துறவைச் சொல்வதால் ஆசை ஒட்டக்கூடாது என்று வள்ளுவர் அப்படி அமைத்தார் என்பார்கள். ஒட்டவில்லை, வாஸ்தவம். ஆனால் அதில் 'நோ' இருக்கிறது, உதடு குவிகிறது. கறாராகப் பார்த்தால் நிரோட்டகமே இல்லை. வள்ளுவர் எழுத்தை நீக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நான் நம்பவில்லை.

1871-ல் உ.வே.சாமிநாதையர் மாயூரத்துக்குப் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். அங்கே பாடம் கேட்டவற்றில் யமக அந்தாதியும் திரிபந்தாதியும் வரிசையாக இருந்தன. 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று பெருமையாக ஒப்பித்தார். இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம் என்று முதலியார் கேட்டுவிட்டார். சிந்தாமணி படித்ததுண்டா என்றார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்ததற்கு விதை அந்தக் கேள்விதான்.

முதலியார் கேட்டது சரி. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். ஏட்டுச்சுவடியில் புள்ளி கிடையாது, சொல்லுக்கு நடுவில் இடம் கிடையாது. எழுத்துச் சரத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் பதிப்பாசிரியரின் முதல் தலைவலி. யமகத்தை வருஷக்கணக்கில் பிரித்துப் பழகிய கண்ணுக்கு அது உதவாமலா போயிருக்கும்?

அந்த மாயூரத்திலிருந்து, இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, பஸ் ஏறி செம்பனார்கோயில், ஆக்கூர் தாண்டினால் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே நின்றால், ஒரு மாமியாவது அபிராமி அந்தாதியை முணுமுணுப்பது காதில் விழும். புத்தகம், உரை எதுவும் கையில் இருக்காது.

அது எளிய விதியில் கட்டியது என்று நினைக்க வேண்டாம். கட்டளைக் கலித்துறை. ஓர் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்றை விட்டுவிட்டு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. நூறு பாட்டு, நானூறு அடி. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததின் தொடக்கம். முதல் பாட்டு உதிப்பதில் தொடங்குகிறது. நூறாவது பாட்டு உதிப்பதில் முடிகிறது. அருணகிரியார் எடுத்ததும் இதே யாப்பு, இதே அந்தாதி. அவர் அதற்கு மேல் யமகத்தையும் ஏற்றினார். பட்டர் ஏற்றவில்லை. ஒன்று உரையோடு நிற்பதற்கும், மற்றது வாயில் தங்கியதற்கும் அதுதான் காரணம் என்பது என் கட்சி.

கதை தெரிந்ததுதான். முதலாம் சரபோஜி காலம். தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார் பட்டர். கீழே நெருப்பு, மேலே நூறு கயிறு கட்டிய உறி, பாட்டுக்கு ஒரு கயிறாக அறுபடுகிறது. 79-ஆம் பாட்டில் அபிராமி தோட்டைக் கழற்றி வீச, நிலா வந்தது. 1971-ல் 'ஆதி பராசக்தி' படத்தில் எஸ்.வி.சுப்பையா பட்டராக நடித்த காட்சி பலருக்கு மனப்பாடம். அதில் வரும் பாட்டு கண்ணதாசனுடையது. பட்டர் எழுதியது என்று இன்னமும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 79-ல் நிலா என்ற சொல்லே இல்லை. பாவம் செய்கிற கயவர்களோடு எனக்கு என்ன சேர்க்கை என்று கேட்கிற பாட்டு அது. குழையும் நிலவும் இருப்பது முந்தைய 78-ல். அபிராமியின் வயிரக் குழையை, கடைக்கண்ணை, பவள இதழை, நிலவான சிரிப்பை என் இரு கண்ணில் எழுதிவைத்தேன் என்று முடிக்கிறார். கடைசிச் சொல் விழி. அதே விழியில் 79 தொடங்குகிறது, ஆனால் இப்போது அது அபிராமியின் விழி, அருள் உள்ள விழி. பக்தன் கண்ணில் முடிந்த சொல் அம்மன் கண்ணில் தொடங்குகிறது. அந்தாதி விதி இல்லையென்றால் இந்தத் தாவல் இல்லை.

எல்லா முடிச்சும் இப்படி என்று சொல்லமாட்டேன். அடுத்த பாட்டுக்கு ஒரு சொல் வேண்டுமே என்று வந்து நிற்பவையும் நூற்றில் உண்டு. சில இடங்களில் வெறும் பெயர்ப் பட்டியல். கோயில் வாசலில் சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். வாங்கினால், எல்லோரும் சொல்கிறார்களே என்று நேரே 79-க்குத் தாவாதீர்கள். ஒரு பாட்டு முன்னாலிருந்து படியுங்கள்.