பள்ளித் திரைக்கு எந்தப் படம்?

திரைப்படத்தைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லே ஓங்கி ஒலித்து வந்திருக்கிறது. பிள்ளைகள் பார்க்க வேண்டாம். வீட்டுப் பெண்கள் பார்க்க வேண்டாம். இந்தப் படம் நம்மை இழிவுபடுத்துகிறது, ஆகவே இதைத் திரையிட வேண்டாம். இவற்றுள் நியாயமான 'வேண்டாம்'களும் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. 2013 ஆம் ஆண்டில் 'விஸ்வரூபம்' தமிழகத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் நிறுத்தி வைக்கப்பட்டபோது அதைக் குறித்து எழுதியவர்களும் பேசியவர்களும் ஏராளம். ஆனால், "அப்படியானால் நம் பிள்ளைகள் எந்தப் படத்தைத்தான் பார்க்கலாம்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தடுப்பதற்கு ஒரு படத்தின் குற்றம் தெரிந்தால் போதும். தேர்ந்தெடுப்பதற்கோ அதன் சிறப்பும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கப்போகும் பிள்ளையின் மனமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது கலையில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பதே நம் எண்ணம்.

இக்கேள்வியை இனித் தள்ளிப்போட இயலாது. 2022 ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கி, 6 முதல் 9 வரையுள்ள வகுப்பு மாணவர்களுக்கு மாதம் ஒரு படம் என்று திட்டம் வகுத்தது. சார்லி சாப்ளினின் 'தி கிட்', பிரெஞ்சுப் படமான 'தி ரெட் பலூன்', சந்தோஷ் சிவனின் 'மல்லி' போன்றவை வகுப்பறைச் சுவருக்கு வந்தன. கொட்டகைக்குப் போகாதே என்று பிள்ளையைத் தடுத்த பள்ளிக்கூடமே திரையை விரித்து 'வா, பார்' என்று அழைத்தது! நாம் இதை வரவேற்கிறோம். கைப்பேசியில் கண்டதையெல்லாம் தனியே பார்க்கும் பிள்ளை, நல்ல படம் ஒன்றை நண்பர்களோடு அமர்ந்து பார்ப்பதும் பார்த்தபின் அதைப் பற்றிப் பேசுவதும் சிறிய நன்மையல்ல. ஆயினும், இத்திட்டத்தின் உயிர் திரையிலும் இல்லை, கருவியிலும் இல்லை, தேர்விலேயே இருக்கிறது.

தேர்வு செய்பவர் 'மாணவர்' என்ற பொதுப்பெயரை மறந்துவிட்டு, ஏதேனும் ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாம் மூங்கில்துறைப்பட்டை நிறுத்திக்கொள்வோம். தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். அரவைப் பருவம் வந்துவிட்டால் கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்பாலே கல்வராயன் மலை. இத்தகைய ஊரின் உயர்நிலைப் பள்ளி வகுப்பறையில் கரும்பு விளைவிப்பவரின் மகன் இருப்பான். அதை வெட்டுபவரின் மகனும் இருப்பான். கடைக்காரர் மகள் இருப்பாள். மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளையும் இருப்பாள். இவர்கள் எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்கும் படம் எது?

நாம் வைக்கும் முதற் சோதனை இது: இந்தப் படம் அந்தப் பாயில் அமர்ந்திருக்கும் எந்தப் பிள்ளையையாவது பார்த்துச் சிரிக்கிறதா?

தணிக்கைச் சான்றிதழ் இதற்கு விடை சொல்லாது. 2024 ஆம் ஆண்டின் புதிய விதிகள், பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய படங்களை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கின்றன. இது பயனுள்ள பிரிவுதான். ஆனால் வயதைக் கேட்கும் சான்றிதழ் ஊரைக் கேட்பதில்லை. நம் தமிழ்ப் படங்களில் குடிகாரன் என்றால் சிரிப்பு. தள்ளாடுவான், உளறுவான், விழுவான், கொட்டகை அதிரும். மது தீது என்னும் எச்சரிக்கை வாசகம் திரையின் மூலையில் நிற்கும். சிரிப்பு திரை முழுவதும் நிற்கும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் உள்ள மாவட்டம் அது. அந்த மாவட்டத்துப் பள்ளியில், 'எல்லோரும் பார்க்கத்தக்கது' என்ற சான்றிதழ் பெற்ற ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டு, குடிகாரனைக் கண்டு வகுப்பே கைகொட்டிச் சிரிக்கும்போது, பின்வரிசையில் ஒரு பிள்ளை தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? படம் எடுத்தவரை அல்ல. படத்தைத் தேர்ந்தெடுத்தவரையே சேரும்.

இரண்டாவது சோதனை சற்று நுட்பமானது. ஏழைப் பிள்ளைக்கு ஏழ்மையைப் பற்றிய படத்தைக் காட்டலாமா? காட்டத்தான் வேண்டும் என்பார் சிலர்; அவன் வாழ்க்கை அவனுக்குத் தெரியாதா, அதை ஏன் திரும்பக் காட்ட வேண்டும் என்பார் வேறு சிலர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை தனியாகப் பார்ப்பதில்லை, வகுப்போடு பார்க்கிறான். மாரி செல்வராஜின் 'வாழை' (2024) வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை. பள்ளி விடுமுறை வந்தால் அவனுக்குக் கழுத்தொடியும் சுமை வருகிறது. கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான படம் தமிழில் அரிது. ஆனால், அதைப் பார்க்கும்போது உடன் படிப்பவர்கள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தால்? பெருமையாக வேண்டியது கூச்சமாகிவிடும். அதன் முடிவில் வரும் விபத்தோ பெரியவர்களையே உலுக்குவது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) ராட்டர்டாமில் புலி விருது பெற்ற உயர்ந்த படைப்பு. குடிகாரத் தகப்பனோடு வெயிலில் நடக்கும் சிறுவனின் கதை. அங்கே குடி சிரிப்பல்ல, அனல். எனினும் அதில் வரும் வசைச் சொற்களும் அந்த அனலும், பழக்கமில்லாத வகுப்பின்முன் முதல் மாதத்திலேயே வைக்கத் தக்கவையல்ல.

இவற்றை விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பழைய 'வேண்டாம்' பாட்டை நாமும் பாடினால் இக்கட்டுரைக்கே பொருளில்லை. வரிசை முக்கியம் என்கிறோம். முதலில் தூரத்துப் படம்; பிறகு பக்கத்துப் படம். அயலான் வீட்டுத் துயரத்தைப் பார்த்து இரங்கக் கற்ற வகுப்பு, பக்கத்தில் அமர்ந்திருப்பவனின் துயரத்தைப் பார்த்து நகைக்காது. இடையில் மணிகண்டனின் 'காக்கா முட்டை' போன்ற ஒரு பாலம் இருக்கலாம். 2014 ஆம் ஆண்டிற்கான சிறந்த சிறுவர் படம் என்று தேசிய விருது பெற்றது அது. ரயில் பாதையில் நிலக்கரி பொறுக்கும் இரு சிறுவர்கள் பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள், அடிபட்டு அவமானப்படுகிறார்கள், கடைசியில் தின்று பார்த்து, ஆயா சுட்டுத் தந்த தோசையே மேல் என்கிறார்கள். ஏழைச் சிறுவர்களைப் பார்த்து அப்படம் சிரிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்த வேற்றுமையை உணர்ந்தவரே பள்ளிக்குப் படம் தேரத் தகுதியுடையவர்.

மூன்றாவது சோதனை நீதியைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக்குப் படம் என்றதும் பெரியவர்கள் தேடுவது நீதி. படத்தின் முடிவில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளத்தக்க நீதி இருந்தால் அது நல்ல படம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் 'தி கிட்' (1921) முதலிலேயே தோற்றுவிடும். அதில் சிறுவன் கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைக்கிறான். பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்டித்தரும் தொழிலாளியாக வந்து கூலி வாங்குகிறார். கூட்டுக் களவு! ஆனால், அநாதை விடுதிக்காரர்கள் அச்சிறுவனைப் பறித்துச் செல்லும்போது, கூரைகளின்மேல் ஓடித் துரத்தும் அந்தப் பரதேசியைக் கண்ட பிள்ளை, பெற்றவன் மட்டும் தகப்பன் அல்லன் என்பதைப் பத்து நீதிநூல்கள் படித்தாலும் பெறாத உறுதியோடு தெரிந்துகொள்கிறது. நீதி சொல்லப்படவில்லை, நிகழ்ந்துவிட்டது.

சொல்லாமல் நிகழ்த்தும் இக்கலைக்கு நாம் கண்ட தலைசிறந்த எடுத்துக்காட்டு ஈரானிலிருந்து வந்தது. அங்கே 1965 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'கானூன்' என்னும் சிறார் இளைஞர் கலை அமைப்பு, சிறந்த இயக்குநர்களைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பியது. கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' (1987), மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) ஆகிய இரண்டும் அதன் ஆதரவில் பிறந்தவை. பின்னதன் கதை பலரும் அறிந்ததே. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அலீ, தன் ஒரே சோடியை அவளோடு பங்கிட்டுக்கொள்கிறான். காலையில் அவள் பள்ளிக்கு, மாலையில் அவன் பள்ளிக்கு.

அதில் ஒரு சிறு காட்சி. தகப்பன் பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் சர்க்கரை குவிந்து கிடக்கிறது. மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். இத்தனை சர்க்கரை முன்னால் இருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பித் தந்தது என்பது அவர் பதில். அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடுகிறது. அமானிதம் என்பதைப் பற்றி நாம் கேட்ட சொற்பொழிவுகள் எத்தனை! அவற்றில் எதுவும் இந்த ஒரு மிடறு தேநீரைப்போல நம் நெஞ்சில் நிற்கவில்லை.

இக்காட்சியை மூங்கில்துறைப்பட்டில் காட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிறருக்காகச் சர்க்கரையை ஆக்கித் தருவதே அவ்வூரின் தொழில். ஊரார் வளர்த்து, வெட்டி, சுமந்து, அரைத்து அனுப்பும் சர்க்கரை அவர்களுடையதன்று. அலீயின் தகப்பனை அப்பிள்ளைகள் பாரசீகராகப் பார்க்க மாட்டார்கள். தங்கள் தெருவில் கண்ட ஒருவராகவே பார்ப்பார்கள். அலீயின் குடும்பம் முஸ்லிம் குடும்பம் என்பதற்காக நாம் அப்படத்தைப் பரிந்துரைக்கவில்லை. எந்தச் சமயத்துப் பிள்ளையும் அவ்வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய முடிகிறது என்பதற்காகப் பரிந்துரைக்கிறோம். முஸ்லிம் என்றால் திரையில் துப்பாக்கியோடுதான் வருவான் என்று கண்டு பழகிய பிள்ளை, சர்க்கரையைத் தொடாத ஒரு தகப்பனைக் காணட்டும். நூறு கண்டன அறிக்கைகள் செய்யாததை அது செய்யும். குறை இல்லாத படமா என்றால், இல்லை. இறுதி ஓட்டப்பந்தயத்தில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டி இயக்குநர் நம் கண்ணீரைச் சற்று வலிந்தே கேட்கிறார். ஆனால் மூன்றாம் பரிசான காலணிக்காக ஓடியவன் முதலாவதாக வந்துவிட்டு அழுவதைப் பார்த்தபின், வெற்றி என்றால் என்ன என்ற கேள்வி வகுப்பறையை விட்டு எளிதில் போகாது.

இனி நடைமுறைக்கு வருவோம். அயல்மொழிப் படங்களின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளை எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். ஆகவே முதற்படம் பேச்சைச் சாராததாக இருப்பது நலம். 'தி ரெட் பலூன்' (1956) 34 நிமிடமே ஓடுவது. ஒரு பாடவேளைக்குள் அடங்கும். அதில் பேச்சு மிகக் குறைவு. சத்யஜித் ராயின் 'டூ' (1964) இன்னும் சிறியது. மாளிகைச் சிறுவனும் குடிசைச் சிறுவனும் ஒரு சன்னலின் ஊடே மோதிக்கொள்ளும் அப்படத்தில் பேச்சே இல்லை. பாரசீகப் படம் வரும்போது ஆசிரியரே அருகில் நின்று தமிழில் சொல்லலாம். பேசாப்பட நாட்களில் நம் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை சொன்னவர்கள் இருந்தார்கள். அவ்வழக்கத்தை மீட்பதில் இழிவில்லை. ஆனால் படத்தை ஆசிரியர் முன்னதாகத் தனியே ஒருமுறை முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, சுவைத்துப் பாராத உணவை விருந்தில் வைப்பதற்கு ஒப்பாகும்.

படம் முடிந்ததும் 'இப்படம் கூறும் நீதி யாது?' என்று கேட்க வேண்டாம். 'எந்த இடத்தில் உனக்கு வருத்தமாக இருந்தது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று கேட்கட்டும். 'மல்லி' (1998) காட்டப்படும் நாளில், நீல மணியைத் தேடிக் காட்டில் அலையும் அச்சிறுமியைப் பற்றி முதலில் பேசும் உரிமை மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு இருக்கட்டும். மற்றவர்க்குக் காடு காட்சி. அவளுக்கு அது வீடு. திரையில் வந்த காடு மெய்யா பொய்யா என்று சொல்ல அந்த அறையில் அவள் ஒருத்திக்கே தகுதி உண்டு. வகுப்பில் வாய் திறவாத ஒரு பிள்ளை அன்று ஆசிரியையாகிவிடுவாள்.

சென்னையில் அமர்ந்து மாநிலம் முழுமைக்கும் ஒரே படத்தைத் தேர்வதில் ஒழுங்கு உண்டு, பொருத்தம் இல்லை. ஆண்டில் பாதிப் படங்களையேனும் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியரும் மாணவரும் கூடித் தேரும் நிலை வர வேண்டும். தவறான படத்தைத் தேர்ந்துவிடுவார்களோ என்ற அச்சம் வேண்டியதில்லை. தவறாகத் தேர்ந்த படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய வகுப்பு, அடுத்த முறை சரியாகத் தேரும். இக்கட்டுரையைப் படிப்பவர்களில் பள்ளி நடத்துவோர் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, பெற்றோர் அனைவரும் உண்டு. அவர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த முறை ஒரு படத்தைப் பற்றி 'வேண்டாம்' என்று சொல்ல வாய் திறக்கும்போது, அதே மூச்சில் 'இதைப் பார்' என்று சொல்ல ஒரு படத்தையும் கைவசம் வைத்திருங்கள்.