கருப்பு மெஷினில் ஒரு துணிப் பர்ஸ்

பசுவந்தனைப் பக்கம் பல வீடுகளில் இரும்புத் தலையும் மரப்பலகையும் கால்மிதியுமாக ஒரு கருப்புத் தையல் மெஷின் இருக்கும். கல்யாணச் சீராக வந்ததும் உண்டு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்ததும் உண்டு. ஜாக்கெட், பாவாடை, நைட்டியோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதை வைத்து கடைப் பர்ஸுக்கு ஈடான ஒரு துணிப் பர்ஸ் தைக்க முடியுமா? தைத்துப் பார்த்த அளவில் சொல்கிறேன்: தாராளமாக முடியும். துணியை மட்டும் மெஷினுக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும்.

ஒரு மெஷினின் பலத்தைப் பார்க்கப் பர்ஸைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. ஜாக்கெட்டில் நாலு மடிப்புக்கு மேல் வருவது அபூர்வம். பர்ஸில் வெளித்துணி, உள்ளே ஒட்டிய ஃபியூசிங், நோட்டு வைக்கும் அறையின் இரண்டு பக்கம், கார்டு அறைகளின் மடிப்புகள் எல்லாம் ஓரத்தில் ஒன்றாகச் சேரும். மூலைக்கு வரும்போது எட்டு, பத்து அடுக்கு ஆகிவிடும். கருப்பு மெஷினின் பிரஷர் ஃபுட் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் உயரும். அதற்குள் அடங்காத எதையும் இதில் தைக்க முடியாது. துணி வாங்கக் கடைக்குப் போகும்போதே இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

முதலில் மெஷின்களைப் பற்றி. கால்மிதி, மோட்டார் பொருத்திய அதே கருப்பு மெஷின், பூத்தையலும் ஜிக்ஜாக்கும் போடும் சின்ன வெள்ளை மெஷின் என்று மூன்று வகை இங்கே புழங்குகின்றன. பர்ஸுக்கு என் ஓட்டு கால்மிதிக்குத்தான். ஒரு தையல் போட்டு நிறுத்தி, அடுத்த தையலைப் பார்த்துப் போட அது விடும். சின்ன மோட்டாரை மெதுவாக ஓட்டினால் தடித்த இடத்தில் இழுக்கத் திணறும். பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று பாய்ந்து நாலு தையல் தள்ளிப் போய் நிற்கும். நேர்க்கோட்டில் நீளமாக ஓட்டுவதற்கு மோட்டார் சுகம், மூலைக்கு ஆகாது. மூலை வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு வீலைக் கையால் உருட்டுங்கள். வெள்ளை மெஷின்களில் அழகு வேலை நன்றாக வரும். எடை குறைவென்பதால் ஜீன்ஸ் அடுக்கு வந்தால் மேஜை மேல் அதிர்ந்து நகரும். பர்ஸுக்கு நேர்த்தையல் ஒன்றே போதும் என்பதால், பர்ஸுக்கென்று புதிதாக அதை வாங்கத் தேவையில்லை.

அளவில்தான் பல பர்ஸுகள் கெட்டுப்போகின்றன. இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். அதை மட்டும் அளந்து தைத்தால், இன்னும் செல்லுபடியாகும் பழைய வரிசை 100 ரூபாய் நோட்டு வெளியே தலைநீட்டும். அது 157-க்கு 73. ஏ.டி.எம். கார்டு 85.6-க்கு 54. ஒரு கார்டு அறைக்கு 9.5 செ.மீ. அகலம் விட்டால் கார்டு இறுகாமல் வரும். இரண்டு அறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 19 செ.மீ. ஆகிறது. பர்ஸின் விரித்த நீளம் அதுதான், உயரம் 9 செ.மீ. சுற்றிலும் தையலுக்கு ஒரு செ.மீ. சேர்த்து வெட்டலாம்.

இனி துணி. ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரெடிமேட் தொழிலால் குட்டித் திருப்பூர் என்று பெயர் வாங்கிய புதியம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. ரெடிமேட் ஊரில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமிருக்காது, பர்ஸின் உள்பக்கத்துக்குப் பாப்ளின் துண்டு போதும். சட்டைக் காலருக்கு வைக்கும் ஃபியூசிங் துண்டும் கிடைத்தால் விடாதீர்கள். பர்ஸ் விறைப்பாக நிற்பது அதனால்தான். சூடான அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல், ஒவ்வொரு இடமாக அழுத்தி வைத்து எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். தையலுக்கு விட்ட ஓரத்தில் ஃபியூசிங் வராதபடி நறுக்கிவிட்டால் மூலையில் ஓர் அடுக்கு குறையும்.

வெளித்துணிக்கு ஜீன்ஸைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். பழைய ஜீன்ஸின் தொடைப்பகுதி நல்ல துணி; பக்கத்தையல் வரும் இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும். வெளியே மட்டும் ஜீன்ஸ், உள்ளே முழுக்கப் பாப்ளின் என்றால் கருப்பு மெஷின் தாங்கும். கார்டு அறைக்கும் ஜீன்ஸ் வைத்தால் ஊசி உடையும். காக்கி டிரில் இதைவிட எளிது. ரெக்சினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தக் கரிசல் வெயிலிலும் வேர்வையிலும் அதன் மேல்பூச்சு உரிந்து வரும். ஒரு தடவை குத்திய ஓட்டை அதில் ஆறாது, பிரித்துத் தைக்கவே வழியில்லை. தையலை நெருக்கிப் போட்டால் ஓட்டை வரிசையிலேயே கிழிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது தடித்த நூலில் நெய்த கைத்தறித் துணி. இந்த மண்ணில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை கொண்டது, மெல்லிய நூலுக்கு அது வராது. தடித்த நூலாக நூற்றால் வரும் துணி சேலைக்குக் கனம், பர்ஸுக்கு அத்தனை பொருத்தம். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கே 11, கே 12 என்று இந்த இனத்தில் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. மக்காச்சோளம் பரவிவிட்ட இந்தக் காட்டில் அந்தப் பருத்திக்கு இன்னும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கைத்தறியில் பிசிறு அதிகம் என்பதால் ஓரத்துக்கு ஒன்றரை செ.மீ. விடுங்கள். வெட்டும் முன் நனைத்துக் காயவைத்துவிட்டால் பிறகு சுருங்காது. பாவு நூல் பர்ஸின் நீளவாக்கில் ஓடட்டும். ஊடைப் பக்கம் துணி கொஞ்சம் இழுபடும், கிராஸாக வெட்டினால் பர்ஸ் கோணிவிடும்.

ஊசி பாப்ளினுக்கு 14, டிரிலுக்கும் கைத்தறிக்கும் 16, ஜீன்ஸுக்கு 18. ஜீன்ஸைப் 14-இல் தைத்தால் ஊசி வளைந்து தட்டில் இடிக்கும், தையல் தாண்டும். நூல் பாலியஸ்டர்தான். தையல் நீளம் 3 மி.மீ. வைத்தால் அடுக்குகள் சுருங்காமல் வரும்.

மூலையில் மெஷின் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பலக்குறைவு இல்லை. பிரஷர் ஃபுட்டின் முன்பக்கம் தடித்த மேட்டில் ஏறியதும் பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது. கீழே இருக்கும் பல்லுக்குத் துணியைப் பிடிக்க இடமில்லாமல் ஒரே இடத்தில் தையல் குவிகிறது. அதே துணியில் ஒரு துண்டை நாலாக மடித்து, ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் செருகுங்கள். இரண்டு பக்கமும் மட்டமானதும் மெஷின் தானாக ஏறிப்போகும். அதற்கு முன்பே மூலையை மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி அமுக்கிவிட்டால் வேலை பாதியாகும். கால்மிதியில் வீல் பின்னோக்கிச் சுற்றிவிட்டால் அடியில் நூல் சிக்கும். மிதிக்கத் தொடங்கும்போது வலது கை வீல் மேல் இருக்க வேண்டும்.

பருத்தித் துணியில் பஞ்சுத்தூசு உதிரும். ஒரு பர்ஸ் முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலைச் சுற்றி பிரஷால் துடைத்து, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடும்.

வீட்டில் கருப்பு மெஷின் இருப்பவர்கள் புது மெஷினுக்குக் காசு போட வேண்டாம். 16-ஆம் எண் ஊசி ஒரு பாக்கெட்டும், ஜிப் வைக்க ஒற்றைக்கால் ஃபுட் ஒன்றும் வாங்கினால் போதும். முதல் பர்ஸை ஜிப், டிச் பட்டன் எதுவும் இல்லாமல், டிரிலில் தையுங்கள். கைத்தறியை அடுத்த பர்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.