முன்வந்து குறைக்கும் நஞ்சு: அம்பத்தூரில் எது பலித்தது, எது பலிக்கவில்லை

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளால் வளர்ந்தது. போல்ட், பிராக்கெட், பைப் எதுவானாலும் துருப்பிடிக்காமலிருக்க முலாம் வேண்டும். அந்த முலாம் தொட்டிகளில் சயனைடு, நிக்கல், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் எல்லாம் புழங்குகின்றன. இந்தக் குரோமியம் நீர்நிலையில் விடப்படும் கழிவில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கொரட்டூர் ஏரியில் கலக்கிறது என்று மக்கள் போராடினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

கழிவைக் கடைசியில் சுத்திகரிப்பது ஒரு வழி. சோடியம் மெட்டாபைசல்பைட்டும் சுண்ணாம்பும் சேர்த்தால் குரோமியம் கசடாகப் படியும். அப்போது நீர் தெளிகிறது, நஞ்சு கசடு மூட்டைக்கு மாறுகிறது. அந்த மூட்டைகளைக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பக் காசு செலவாகும். அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, நஞ்சு உண்டாகும் இடத்திலேயே அதைக் குறைக்க ஆலைகள் தாமாக முன்வர வேண்டும் என்ற யோசனை பிறந்தது. இதன் பலம் உண்மையானது. முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய, பொருள்கள் மாட்டிய ராக்கைச் சில விநாடி கூடுதலாகத் தொங்கவிட்டால் கரைசல் தொட்டிக்கே சொட்டிவிடும். ஒற்றைத் தொட்டிக்குப் பதில், நீர் எதிர்த்திசையில் ஓடும் இரண்டு மூன்று தொட்டிகளில் அலசினால் நீர்ச்செலவு பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். சூடான நிக்கல் தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக முதல் அலசுநீரையே ஊற்றலாம். விலையுயர்ந்த நிக்கல் உப்பு சாக்கடைக்குப் போகாது. முதலாளிக்கும் ஏரிக்கும் ஒருசேர நன்மை. 1990-களில் உலக வங்கி உதவியோடு தேசிய உற்பத்தித்திறன் குழு அமைத்த கழிவுக் குறைப்பு வட்டங்களும் இதையே செய்தன. ஒரே தொழில் செய்யும் சில பட்டறைக்காரர்கள் கூடி, ஒருவர் பட்டறையை மற்றவர் பார்த்துக் கற்றார்கள். அதிகாரி சொன்னால் அஞ்சுகிறவர், சக தொழில்காரர் சொன்னால் செய்து பார்க்கிறார்.

ஆனால் லாபம் நிற்கும் இடத்தில் முன்வருதலும் நின்றுவிடுகிறது. நிக்கலை மீட்டால் பணம். சயனைடு இல்லாத துத்தநாக முலாமுக்கு மாறினால் முதலில் செலவுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பக்கத்துப் பட்டறையோடு பைசாக் கணக்கில் போட்டியிடுகிறவர் அந்தச் செலவைத் தனியாகச் சுமக்க முடியாது. ஆலைகள் தாமாக மாசைக் குறைப்பதற்கென்று மத்திய அரசு 2003-இல் கொண்டுவந்த பெருநிறுவனப் பொறுப்புச் சாசனம் 17 தொழில்வகைகளை எடுத்துக்கொண்டது. சர்க்கரை, சிமென்ட், அனல்மின் நிலையம் அதில் இருந்தன; சிறு முலாம் பட்டறைகள் இல்லை.

இன்னொரு பழுது இதைவிட ஆழமானது. பெரிய ஆலை முலாம் வேலையை ஜாப் ஒர்க்காக வெளியே கொடுத்துவிட்டால் அதன் சுற்றுச்சூழல் சான்றிதழில் கறை இருக்காது. பொருள் அதனுடையது, கசடு சிறு பட்டறைக்காரருடையது. தன் வளாகத்துக்குள் மட்டும் கணக்குப் பார்க்கும் தன்னார்வம் நஞ்சைக் குறைப்பதில்லை, கைமாற்றிவிடுகிறது.

உண்மையில் மாற்றம் வந்த இடத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன விதி, 2007 ஜூலை முதல் புதிய வாகனங்களின் துருத்தடுப்புப் பூச்சில் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தடுத்தது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கேட்டன, பட்டறைகள் மாறின. இதைத் தன்னார்வம் என்பதா? எங்கோ இருந்த சட்டம், கொள்முதல் ஆணையாக வந்து சேர்ந்தது.

அமெரிக்க அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே 1991-இல் தொடங்கிய 33/50 திட்டம், குரோமியம், நிக்கல், சயனைடு உள்ளிட்ட 17 நஞ்சுகளின் வெளியேற்றத்தை 1995-க்குள் பாதியாக்க ஆலைகளை அழைத்தது. ஓராண்டு முன்னதாகவே இலக்கு எட்டப்பட்டது. கணக்கு 1988-லிருந்து தொடங்கியதால் திட்டத்துக்கு முந்தைய குறைவும் அதில் சேர்ந்துகொண்டது. சேராத ஆலைகளின் குறைப்பும் சேர்ந்தது. ஆக, அந்த வெற்றி முழுவதும் திட்டத்தின் வெற்றியல்ல. ஆனாலும் ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு நஞ்சை வெளியேற்றியது என்ற பட்டியல் எவர் கண்ணிலும் படக் கிடந்தது. அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கிய 1986-ஆம் ஆண்டுச் சட்டம், 1984-இல் போபாலில் நேர்ந்த பேரழிவின் விளைவு. நம் மக்கள் இறந்ததால் அமெரிக்கருக்கு அறியும் உரிமை கிடைத்தது. நமக்கு இன்னும் அப்படியொரு பொதுப் பட்டியல் இல்லை.

அதற்கான விதை நம் சட்டத்திலேயே இருக்கிறது. அனுமதி பெற்ற ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் படிவம் 5-இல் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும். நீர், மூலப்பொருள், கழிவு எல்லாம் அதில் உண்டு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அவற்றைத் தொழிற்பேட்டை வாரியாகத் தமிழில் வெளியிடட்டும். ஜாப் ஒர்க் கொடுக்கும் நிறுவனம், தன் பொருளால் உண்டான கசட்டையும் தன் கணக்கில் காட்டட்டும். மாற்றத்தின் செலவில் பங்கு தரட்டும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருப்புகள் ஆலைச் சுவரோடு ஒட்டிவிட்ட காலம் இது. சுவருக்கு அப்பால் என்ன ஓடுகிறது என்று கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு முழு உரிமை உண்டு. எண்கள் வெளியே வராதவரை, முன்வந்து குறைத்தோம் என்று சொல்பவர் சொல்லை நாம் நம்பத்தான் முடியும், சரிபார்க்க முடியாது.